எழுபது பேரும் ஆளுக்கொரு கேள்வியும்

முத்தாரம்மாள் பிரெஞ்சு படிக்கப் போனது மார்க்குக்காக. சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் மல்லியும் மிளகும் மொத்தமாக விற்றுக்கொண்டிருந்த அவர் அப்பாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள்: ப்ரீ டிகிரியில் இரண்டாம் மொழியாக மலையாளம் எடுத்தால் அறுபதைத் தாண்டாது, பிரெஞ்சு எடுத்தால் தொண்ணூறு நிச்சயம். அப்பாவுக்குப் பிரான்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. தொண்ணூறு என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். விண்ணப்பத்தை அவரே நிரப்பிக் கொடுத்தார்.

நாற்பது வருடத்துக்கு முந்தைய கதை இது. முதல் மாதமே பாடப்புத்தகத்தில் ஒரு சந்தைக் காட்சி வந்தது. தலையில் துணி கட்டிய ஒரு பெண் கேரட் விற்கிறாள். அவள் கூவுவது படத்துக்குக் கீழே ஒரு வரியாக அச்சாகியிருந்தது. ஆசிரியை அதைக் காலைப் பிரார்த்தனைபோல மெதுவாக வாசித்தார். பின்பெஞ்சில் முத்தாரம்மாள் எழுந்து நின்றார்.

“மிஸ், இப்படிச் சொன்னா சாயங்காலம் வரைக்கும் ஒரு கேரட் போகாது.”

“எங்கே, நீ வித்துக் காட்டு.”

விற்றுக் காட்டினார். சாலையில் காய்கறி விற்பவர்கள் முதல் சொல்லை இழுத்து, விலையை வெட்டி, கடைசிச் சொல்லை மேலே தூக்கிவிடுவார்களே, அந்த மெட்டில் அதே பிரெஞ்சு வரி. பக்கத்து வகுப்பில் இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தவர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். ஆசிரியை சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. வருடக் கடைசியில் தொண்ணூற்றாறு. அப்பா அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பிடி கல்கண்டு கொடுத்தார்.

பி.ஏ.யும் எம்.ஏ.யும் பிரெஞ்சிலேயே முடிந்தன. வேலைதான் வரவில்லை. அரசுக் கல்லூரி ஆசிரியர்களுக்கான பி.எஸ்.சி. (அரசுத் தேர்வாணைய) பட்டியல் வெளிவர ஆறு வருடம் பிடித்தது. அந்த ஆறு வருடமும் கிழக்கேகோட்டை பக்கத்தில் பாரலல் காலேஜ் எனப்படும் ஒரு தனியார் பயிற்சிக் கல்லூரியில் வேலை. தட்டிக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு, அந்தப் பக்கம் வணிகவியல். தட்டி கூரைவரை போகாததால், இரண்டு பக்க மாணவர்களும் இரண்டு பாடத்தையும் படித்தார்கள். கல்யாணம் எப்போது என்று கேட்டவர்களிடம், “பி.எஸ்.சி. லிஸ்ட் வரட்டும்” என்று சொல்லிவைத்தார் முத்தாரம்மாள். லிஸ்ட் வந்தபோது கேட்பதற்கு ஆள் இல்லை. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. மணக்காட்டில் அண்ணன் கோமதிநாயகத்தின் வீட்டு மாடி அவருடையதாயிற்று. கீழே மல்லி மணம், மேலே பிரெஞ்சு அகராதிகள்.

அரசுக் கல்லூரியில் சேர்ந்த பிறகு அவர் ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். ஒவ்வொரு ஜூனிலும் முதலாண்டுக்காரர்களுக்கு முதல் வகுப்பில் எழுத்தும் கிடையாது, இலக்கணமும் கிடையாது. ஆளுக்கொரு பொருள் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அதை வராந்தாவில் நின்று பிரெஞ்சில் கூவி விற்க வேண்டும். அதற்கு வேண்டிய பத்துச் சொற்களை மட்டும் பலகையில் எழுதிப் போடுவார். முருங்கைக்காய் வந்தது, குடை வந்தது, பழைய சார்ஜர் வந்தது, ஒரு வருடம் கோழி வந்தது. கோழி வந்த வருடம் பிரின்சிபால் மேலேறி வந்தார்.

“டீச்சர், இது காலேஜா, சந்தையா?”

“இன்னிக்கு ஒரு மணிக்கூர் சந்தை சார். நாளைக்குக் காலேஜ் ஆக்கித் தரேன்.”

கடந்த பத்து வருடமாகச் சனிக்கிழமைகளில் கழக்கூட்டத்திலும் ஒரு வகுப்பு. ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் பிள்ளைகள். பிரெஞ்சு தெரிந்தால் கனடாவில் குடியேறக் கூடுதல் புள்ளி. மஹேஷ் என்று ஒரு மென்பொருள்காரர் முதல் நாளே கேட்டுவிட்டார்: “டீச்சர், இந்த இலக்கியம் ஒண்ணும் இல்லாம, பரீட்சைக்கு மட்டும் பிரெஞ்சு கிட்டுமா?”

“கிட்டுமே. உப்பில்லாம சோறுகூடத்தான் கிட்டும்.”

மஹேஷ் இப்போது மாண்ட்ரியலில் இருக்கிறார். ஞாயிறுதோறும் அங்கிருந்து காய்கறிச் சந்தைப் படமும், யாராவது கவிஞரின் நான்கு வரியும் வாட்ஸ்அப்பில் வருகின்றன. எந்தக் கேள்வியும் கேட்காமல் அனுப்புகிறார்.

முத்தாரம்மாள் பிரான்சுக்குப் போனது ஒரே ஒரு தடவை. ஆசிரியர் பயிற்சிக்காக மூன்று வாரம், மார்செய் நகரம். கூட வந்தவர்கள் அருங்காட்சியகம் அருங்காட்சியகமாகப் போனார்கள். இவர் காலை ஏழு மணிக்குத் துறைமுகத்தில் மீன்காரிகளுக்கு நடுவே நின்றார். நான்காவது நாள் ஒருத்தி, வாங்குவதென்றால் வாங்கு, இல்லாவிட்டால் வெயிலை மறைக்காதே என்று சொல்லிவிட்டாள். உடனே ஒரு மீன் வாங்கினார். விடுதியில் சமைக்க இடமில்லை. அரைக்கிலோ மீனைக் கையில் பிடித்துக்கொண்டு பேருந்தில் இரண்டு மணிநேரம் சுற்றி, கடைசியில் விடுதிக் காவலாளியிடம் கொடுத்தார். அவர் மறுநாள் அதைக் குழம்பாக்கித் திருப்பிக் கொண்டுவந்தார். அந்த மூன்று வாரத்தில் கிடைத்த சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று முத்தாரம்மாளுக்குத் தெரியாது. குழம்பின் செய்முறை இருக்கிறது.

ஆராய்ச்சிப் பொருள் அவருக்கு அங்கேதான் கிடைத்தது. பாரிஸ் தெருக்களில் மீன், பால், துடைப்பம், பழந்துணி விற்றவர்கள் கூவிய கூவல்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பல நூற்றாண்டுகளாக எழுதிவைத்திருக்கிறார்கள். கவிதையில், நாடகத்தில், பாட்டுப் புத்தகத்தில், தெருக்காட்சிப் படங்களின் அடியில். கூவியவர்கள் போய்விட்டார்கள், கூவல் தாளில் இருக்கிறது. அந்தக் கூவல்களைப் பற்றி முத்தாரம்மாள் பகுதிநேர ஆய்வுக்குப் பதிவு செய்தபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. நெறியாளர் ஸ்ரீலட்சுமி, அவரிடமே பி.ஏ. படித்தவர். கோழி கொண்டுவந்தவரும் அவர்தான்.

யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதில் இருவருக்கும் எட்டு வருடமும் தீராத தகராறு.

“டீச்சர், மூணாவது அத்தியாயம் இன்னும் வந்தில்லே.”

“நாளைக்குத் தரேன் மேடம்.”

“ஐயோ, மேடம்னு விளிக்காதீங்க டீச்சர்.”

“அப்ப நீ அத்தியாயம் கேக்காதே.”

ஆய்வேட்டின் உயிர் நான்காம் அத்தியாயத்தில் இருந்தது. கூவலைத் தாளில் எழுதிவைத்த இலக்கியக்காரர்கள் சொல்லைத்தான் பெரிதாக நினைத்தார்கள்; ஐந்தாம் மாடியில் இருக்கும் பெண்ணுக்குச் சொல் கேட்காது, மெட்டுத்தான் கேட்கும்; ஆகவே கூவல் என்பது விற்பவர் வாங்குபவருக்கு அனுப்பும் ஒரு சமிக்ஞை. இதுதான் வாதம். ஆய்வேட்டைப் படித்த புறத்தேர்வாளர் வெங்கடசுப்ரமணியன், ஹைதராபாத்தில் பிரெஞ்சுப் பேராசிரியர், மூன்று அத்தியாயங்களை வாயாரப் புகழ்ந்துவிட்டு அறிக்கையின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்: நான்காம் அத்தியாயத்தின் வாதம் நிறுவப்படவில்லை, நேர்காணலில் விசாரிக்கப்படும்.

அந்த வரிதான் தலைக்குமேல் தொங்கியது. பதிவுக்காலம் இரண்டுமுறை நீட்டிக்கப்பட்டாயிற்று. மே கடைசியோடு அது முடிகிறது. முத்தாரம்மாளின் அரசு வேலையும் அதே நாளில் முடிகிறது. மீண்டும் எழுதிக்கொண்டு வா என்று ஆய்வேட்டைத் திருப்பினால், எழுத நாள் இல்லை. பட்டம் கிடைத்தால் ஓய்வுக்குப் பிறகும் பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் ஒரு மேசை, நூலகச் சீட்டு, தன் பெயரில் நான்கு மாணவர்கள். கிடைக்காவிட்டால் எட்டு வருட வேலை மாடியிலேயே இருக்கும். அவருக்கு வேண்டியிருந்தது அந்த மேசை.

நேர்காணல் ஏப்ரல் மூன்றாவது புதன் என்று அறிவிப்பு வந்தது. இங்கே இதை ‘ஓபன் டிஃபென்ஸ்’ என்பார்கள்; கதவைத் திறந்துவைத்து, பொதுமக்கள் முன்னிலையில் நடப்பது. அறிவிப்பின் கடைசி வரி எல்லா அறிவிப்புகளிலும் இருக்கிற அதே வரி: ஆர்வமுள்ள அனைவரும் வரலாம், கேள்வி கேட்கலாம். வழக்கமாக வருவது துறையின் ஆறேழு பேர். கேள்வி கேட்பது யாருமில்லை. முடிந்ததும் ஆய்வாளர் செலவில் டீயும் கட்லெட்டும்.

முத்தாரம்மாள் அந்த அறிவிப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதுதான் அவர் செய்த பிழை. நான்கு நாள் கழித்துக் கல்லூரியிலிருந்து வீடு திரும்பியபோது, கீழே மேசையில், அச்சடித்த இருநூறு அழைப்பு அட்டைகளில் கொடுத்ததுபோக மீதி அடுக்கியிருந்தது. மஞ்சள் விளிம்பு, மேலே பிள்ளையார் சுழி, நடுவில் பல்கலைக்கழகத்தின் ஆங்கில அறிவிப்பு வரிக்கு வரி, கீழே ‘தங்கள் நல்வரவை விரும்பும் கோமதிநாயகம் மற்றும் குடும்பத்தினர்.’

“அண்ணே, இது என்ன?”

“பின்னே? விளிக்க வேண்டாமா?” என்றார் கோமதிநாயகம். “ஃபோன்ல சொன்னா எவன் வருவான்? நேர்ல போய், அட்டையை வெத்தலை மேல வச்சுக் குடுத்தேன். சாலையில நம்ம வரிசை முழுக்க முடிஞ்சுது. இனி நம்ம தெரு மட்டும்தான்.”

“அண்ணே, இது கல்யாணமில்ல. பரீட்சை.”

“ஏ முத்து, இதுல என்ன போட்டிருக்கு? எல்லாரும் வரலாம்னுதானே? பரீட்சைக்கு எல்லாரையும் வரச்சொல்லி எவனாவது போடுவானா?”

கோமதிநாயகம் இன்னொன்றும் செய்திருந்தார். கேள்வி கேட்கலாம் என்ற வரியை, விருந்தாளி செய்ய வேண்டிய மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் போனால் வெறுங்கையோடு போகிறோமா? ஆகவே ஒவ்வொரு கடையிலும் அட்டையோடு சேர்த்து அழுத்திச் சொல்லியிருந்தார்: “வந்தா ஆளுக்கொரு கேள்வி கேக்கணும், கேட்டோ. சும்மா உக்காந்து தின்னுட்டு வந்தா எனக்குத்தான் குறைச்சல்.”

ஒருவரை விட்டு ஒருவரைக் கூப்பிடுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. அதனால் தெருவில் தினமும் மீன் கொண்டுவரும் சுசீலாபாய்க்கும் ஓர் அட்டை போயிற்று. விழிஞ்ஞத்துக்காரர், காலை ஆறு மணிக்குத் துறையில் மீன் எடுத்து, ஆட்டோவில் மணக்காடு வந்து, இருபத்தைந்து வருடமாக அதே ஏழு தெருக்களில் தலையில் சருவத்தோடு, அந்த அகலவாய் மீன்பாத்திரத்தோடு, நடப்பவர். அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இது இங்கிலீஷ் அல்லே? எந்தா விசேஷம்?”

“நம்ம டீச்சர் கூவலைப் பத்திப் படிச்சிருக்கா. பெரிய பட்டம். நீங்க வந்து ஒரு கேள்வி கேக்கணும்.”

“கூவலைப் பத்தியா? அதுல படிக்க என்ன இருக்கு?” என்றார் சுசீலாபாய். ஆனாலும் அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அரங்கில் நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பத்தே காலுக்கு இரண்டு டிராவலர் வண்டியும் ஒரு பழைய வேனும் வளாகத்துக்குள் நுழைந்தன. கழக்கூட்டம் பாதையில் மாட்டிக்கொண்டதால் பதினைந்து நிமிடம் தாமதம் என்று கோமதிநாயகம் வாசல் காவலாளியிடம் மன்னிப்புக் கேட்டார். இறங்கியவர்கள் எழுபது பேர். வேட்டி, பட்டுச்சேலை, மல்லிகைப்பூ. வேனிலிருந்து இரண்டு உருளியில் பால்பாயசமும் நான்கு கூடை போளியும் இறங்கின. நெறியாளர் ஸ்ரீலட்சுமி ஜன்னல் வழியே பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

“டீச்சர், இவங்கெல்லாம் யாரு?”

“ஆர்வமுள்ள அனைவர், மேடம்” என்றார் முத்தாரம்மாள்.

நாற்காலி போதாமல் பக்கத்துத் துறைகளிலிருந்து தூக்கிவந்தார்கள். தலைமை வகித்த டீன் கூட்டத்தைப் பார்த்தார், வெங்கடசுப்ரமணியனைப் பார்த்தார், பிறகு ஆய்வாளர் தன் உரையைப் பிரெஞ்சில் கால்மணி நேரம், சுருக்கத்தை மலையாளத்தில் கால்மணி நேரம் சொல்லட்டும் என்று தீர்ப்பளித்தார். அங்கேயே பாதி வெற்றி வந்துவிட்டது. மலையாளச் சுருக்கத்தில் முத்தாரம்மாள் பாரிஸ் பால்காரியைக் கூவிக் காட்டினார், துடைப்பக்காரனைக் கூவிக் காட்டினார். சாலைக்காரர்கள் தலையை ஆட்டி ரசித்தார்கள். அரிசி மண்டிக்காரர் ஒருவர், “துடைப்பக்காரன் நல்ல வியாபாரி” என்று சத்தமாகச் சான்றிதழ் கொடுத்தார்.

வெங்கடசுப்ரமணியன் மட்டும் சிரிக்கவில்லை. மெலிந்த உருவம், மூக்கின் நுனியில் கண்ணாடி. நேராக நான்காம் அத்தியாயத்துக்கு வந்தார். “இந்தக் கூவல்களை நீங்கள் கேட்டதில்லை. எழுதியவர்களையும் நம்பக்கூடாது என்கிறீர்கள். பிறகு எதை நம்பி இந்த முடிவுக்கு வந்தீர்கள்?” என்று பிரெஞ்சில் கேட்டார். முத்தாரம்மாள் பழைய புகார்க் கடிதங்களைச் சொன்னார், வீட்டு அமைப்பைச் சொன்னார், மாடி உயரத்தைச் சொன்னார். தேர்வாளர் ஒவ்வொன்றுக்கும் “ம்” என்று ஏதோ குறித்துக்கொண்டார். அந்த “ம்” எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஸ்ரீலட்சுமியாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

டீன் வழக்கப்படி கேட்டார்: “சபையிலிருந்து யாருக்காவது கேள்வி?”

எழுபது கைகள் உயர்ந்தன.

டீன் இருபத்தெட்டு வருடப் பணியில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. மூன்று கேள்வி மட்டும் என்று அறிவித்தார். பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. ஆளுக்கொன்று என்றுதானே அண்ணாச்சி சொன்னார்? கோமதிநாயகம் எழுந்து கையமர்த்தினார். முதல் கேள்வி அரிசி மண்டிக்காரருடையது: பாரிஸில் அரிசி கூவி விற்றார்களா? இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு அந்த ஊர்மேல் மதிப்புக் கொஞ்சம் குறைந்தது. இரண்டாவது, பாத்திரக்கடை ஷாஜி: கூவுகிறவனுக்குத் தொண்டை கட்டினால் என்ன செய்வார்கள்? அதற்கு முத்தாரம்மாளிடம் ஒரு பழைய பாட்டிலிருந்தே பதில் இருந்தது: மகனைக் கூவவிட்டுப் பின்னால் நடப்பார்கள். கைதட்டல்.

மூன்றாவது கை சுசீலாபாயுடையது. முழங்கைவரை கழுவி, கசவுச் சேலை உடுத்தி வந்திருந்தார்.

“டீச்சரே, நீங்க பறஞ்சது நல்லா இருந்துது. ஒரு காரியம் மட்டும் எனக்குப் பிடிகிட்டல. வாங்குறவங்க கேக்கத்தான் கூவுறதுன்னு சொன்னீங்கல்லே?”

“ஆமா.”

“என்னத்துக்கு? என் ஏழு தெருவுலயும் யாரு வாங்குவா, யாரு வாங்கமாட்டான்னு எனக்கு அறியும். எட்டே காலுக்கு நான் வருவேன்னு அவங்களுக்கு அறியும். சட்டியோட கேட்ல நிப்பாங்க. அவங்களுக்கு எதுக்குக் கூவணும்?”

முத்தாரம்மாள் பேனாவை எடுத்தார். “அப்ப யாருக்காகக் கூவுறீங்க, சுசீலாபாய்?”

“அடுத்த மீன்காரிக்கு. எங்க துறையிலேருந்து பன்னிரண்டு பேரு இந்தப் பக்கம் வர்றோம். நான் இந்தத் தெருவுல இருக்கேன், நீ இங்க ஏறாதேன்னு சொல்றதுதான் கூவல். அவ கூவுற சத்தம் கேட்டா நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். இல்லேன்னா தினமும் அடிபிடிதானே?” கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார்: “அந்தப் பாரிஸ்காரி மட்டும் வேற மாதிரியா இருப்பா?”

முத்தாரம்மாளிடம் தற்காப்பு இருந்தது. பாரிஸ் வேறு, மணக்காடு வேறு, காலம் வேறு, அரிய கருத்து, நன்றி, பின்னால் ஆராயலாம் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். ஆய்வாளர்கள் அப்படித்தான் தப்பிப்பார்கள். ஸ்ரீலட்சுமி முன்வரிசையிலிருந்து அதைத்தான் கண்ணால் கெஞ்சினார். நான்காம் அத்தியாயத்தைப் புறத்தேர்வாளர் முன்னால் அசைத்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

முத்தாரம்மாள் ஆய்வேட்டைப் புரட்டினார். நின்றபடியே இருநூற்றுப் பதினோராம் பக்கத்தைத் தேடியெடுத்தார்.

“சார், இங்க ஒரு அடிக்குறிப்பு இருக்கு. ஒரு கன்னிமாடத்துத் தலைவி எழுதின புகார். ஒரு மீன்காரி தினமும் மடத்துச் சுவரோட நீளத்துக்கும் கூவிக்கிட்டே போறா, சுவர்ல ஒரு வாசல்கூட இல்ல, உள்ளே யாரும் அவகிட்ட வாங்குறதும் இல்ல, ஜெபத்துக்குத் தொந்தரவுன்னு. ஆளில்லாத சுவரைப் பாத்து ஏன் கூவினான்னு எனக்கு எட்டு வருஷமாப் புரியல. ‘காரணம் தெளிவில்லை, பழக்கமாக இருக்கலாம்’னு எழுதிட்டேன்.”

“பழக்கமா?” என்றார் சுசீலாபாய். “தொண்டைக்கு வேற ஜோலி இல்லையா?”

சாலை முழுக்கச் சிரித்தது. முத்தாரம்மாளும் சிரித்தார். அவர் முகம், விடை கிடைத்த மாணவியின் முகமாக மாறியிருந்தது. வெங்கடசுப்ரமணியன் கண்ணாடியை மேலே ஏற்றினார்.

“அப்படின்னா உங்க நாலாவது அத்தியாயம் தப்புன்னு சொல்றேளா?” இந்தமுறை பிரெஞ்சு இல்லை. இதே ஊரில், கோட்டைக்குள் அக்ரகாரத்தில் பிறந்தவர் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

“பாதி தப்பு, சார்.”

“எந்தப் பாதி?”

“நான் ரொம்ப உறுதியா எழுதின பாதி.”

ஸ்ரீலட்சுமி கண்ணை மூடிக்கொண்டார். கோமதிநாயகம் பக்கத்தில் இருந்த ஷாஜியிடம், “அவளே ஒத்துக்கிட்டாளே, போச்சா?” என்று கேட்டார். முத்தாரம்மாள் பேச்சை நிறுத்தவில்லை. மெட்டு முக்கியம் என்பது மாறவில்லை, அதைக் கேட்கும் காதுதான் மாறுகிறது என்றார். தெருவில் விற்பவர்கள் ஒருவருக்கொருவர் எல்லை போட்டுக்கொண்ட பேச்சை, மாடியில் இருந்த எழுத்தாளர்கள் தங்களுக்கென்று நினைத்து எழுதிவைத்துவிட்டார்கள். தானும் மாடியில் உட்கார்ந்தே கேட்டுவிட்டதாகச் சொன்னார். ஒரே தெருவில் இரண்டு மீன்காரிகள் கூவுவதாக எந்தப் படத்திலும் இல்லை, அதற்கும் இப்போது காரணம் தெரிகிறது என்று பக்கம் பக்கமாகக் காட்டினார். டீன் கடிகாரத்தைப் பார்ப்பதை மறந்துவிட்டார்.

டீனும் வெங்கடசுப்ரமணியனும் அடுத்த அறைக்குள் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. வழக்கமாக ஐந்து நிமிடம். பத்து ஆயிற்று, இருபது ஆயிற்று. பாயசத்தைப் பரிமாறலாமா, கூடாதா என்று வேன் பக்கத்தில் விவாதம் நடந்தது. சுசீலாபாய் நேராக முத்தாரம்மாளிடம் வந்தார்.

“டீச்சரே, நான் எடாகூடமா ஏதாவது கேட்டுட்டேனா? கோமதியண்ணன் கேக்கச் சொன்னாரு, அதான் கேட்டேன்.”

“நீங்க கேட்டதுதான் கேள்வி” என்றார் முத்தாரம்மாள். சுசீலாபாயின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தக் கை விடுபடவில்லை. இருபத்தேழாம் நிமிடம் கதவு திறக்கும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

டீன் தாளைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசித்தார். ஆய்வேடு பட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. நான்காம் அத்தியாயத்துக்குச் சிறு திருத்தம். பத்து நாளுக்குள், பத்துப் பக்கத்துக்கு மிகாமல். சபையில் எழுந்த கேள்வியும் கேட்டவர் பெயரும் சேர்க்கப்பட வேண்டும்.

ஆங்கிலம் புரியாதவர்கள் ஸ்ரீலட்சுமியைப் பார்த்தார்கள். அவர் முத்தாரம்மாளைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து அரைநொடி திகைத்தார்கள். “ஜெயிச்சாச்சு” என்று ஷாஜி கத்திய பிறகுதான் அரங்கு வெடித்தது. சாலையில் இருந்த எல்லாக் குரல்களும் ஒரே அறைக்குள் வந்ததுபோல இருந்தது. யாரோ குலவை போட்டார்கள். அடுத்த கட்டடத்தில் புள்ளியியல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. கண்காணிப்பாளர் ஓடிவந்தார், அவர் கையிலும் ஒரு போளியும் பாயசமும் வைக்கப்பட்டன.

வெங்கடசுப்ரமணியன் பாயசத்தில் போளியைத் தோய்த்துக்கொண்டே முத்தாரம்மாளிடம் வந்தார்.

“அம்மா, நான் முப்பது முப்பத்தஞ்சு ஓபன் டிஃபென்ஸ் பாத்துட்டேன். கேள்வி இருக்கான்னு கேட்டா எல்லாரும் கட்லெட்டைப் பாப்பா. இன்னிக்குத்தான் ஒரு கேள்வியைப் பாத்தேன்.”

“திருப்பி அனுப்பிடுவீங்கன்னு நினைச்சேன் சார்.”

“நிறுவலேன்னு எழுதினது நான்தான். நீங்க அதைக் காப்பாத்த நினைச்சிருந்தா திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். நாப்பது நிமிஷம் டீன்கிட்ட விதியை வாசிச்சுக் காட்டிண்டிருந்தேன்.”

“இருபத்தேழு நிமிஷம் சார்” என்றார் சுசீலாபாய் பின்னாலிருந்து.

மீதி அறுபத்தேழு கேள்விகள் திரும்பும் வழியில் கேட்கப்பட்டன. கழக்கூட்டத்திலிருந்து மணக்காடு வரும்வரை முத்தாரம்மாள் மூன்று வண்டியிலும் மாறி மாறி ஏறி ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் மணக்காட்டுத் தெருமுனையில் நோட்டுப்புத்தகத்தோடு நின்றார். ஆட்டோவிலிருந்து இறங்கிய சுசீலாபாய் சருவத்தைத் தலையில் ஏற்றியபடி நிபந்தனைகளைச் சொன்னார்.

“என் பின்னால வரணும். முன்னால நடக்கக்கூடாது. விலை பேசும்போது நடுவுல வாயைத் திறந்து மிண்டக்கூடாது. அப்புறம் டீச்சரே, நீங்க கூவக்கூடாது, கேட்டோ. அன்னிக்குக் கூவினீங்கல்லே, நல்ல சத்தம். புதுசா ஒருத்தி ஏறிட்டான்னு எல்லாரும் பேடிச்சுப்போவாங்க.”

“சரி.”

முதல் தெருவில் மூன்று வீடுகள். சட்டியோடு கேட்டில் நின்றவர்கள், மீன்காரிக்குப் பின்னால் கல்லூரிப் பேராசிரியர் நடப்பதைப் பார்த்துக்கொண்டே அயலை மீன் வாங்கினார்கள். இரண்டாம் தெருவில் ஒரு பக்கம் முழுக்கப் பூட்டிக்கிடக்கும் கல்யாண மண்டபத்தின் மதில், வீடே இல்லை. மதில் தொடங்கும் இடத்தில் சுசீலாபாய் நின்று, மூச்சு இழுத்து, அதுவரை கூவியதைவிட நீளமாக ஒரு கூவல் விட்டார். தெருவின் மறுகோடியில், வளைவில், இன்னொரு சருவம் தெரிந்தது. தலை திரும்பவில்லை, நடையும் நிற்கவில்லை. அந்தச் சருவம் மட்டும் மெல்ல இடதுபக்கம் திரும்பி வேறு தெருவுக்குள் போய்விட்டது.

“அது யாரு?” என்றார் முத்தாரம்மாள்.

“என் நாத்தனார். வீட்டுல எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது” என்று சொல்லி நடந்தார் சுசீலாபாய்.

முத்தாரம்மாள் நின்று அதை எழுதத் தொடங்கினார். நிமிர்ந்தபோது சுசீலாபாயின் சருவம் மூன்றாம் தெரு முனையில் இருந்தது. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்து, ஐம்பத்தாறு வயதில் மதிலோரமாக ஓடினார்.